ஏணியை எடுப்பதா, ஏறியவரை இறங்கச் சொல்வதா?



சில திங்களுக்கு முன் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். சேந்தமங்கலத்தையும் காளப்பநாயக்கன்பட்டியையும் கடந்து, அடிவாரத்துக் காரவள்ளியை அடைந்து, அங்கிருந்து சோளக்காட்டுக்கு ஏற வேண்டும். இடையே 70 கொண்டை ஊசி வளைவுகள்! மலையேறிப் பழகாத என்னைப் போன்றோர்க்கு ஒவ்வொரு வளைவிலும் வயிறு ஒரு முறை புரளும். பேருந்தை ஓட்டிச் சென்றவரோ, பக்கத்தில் இருந்தவரிடம் மிளகு விலையைப் பேசிக்கொண்டே, முன் சக்கரத்தைச் சுவர் விளிம்பில் உரசாமல் திருப்பி, மேலிருந்து வந்த பாரவண்டிக்கு வழிவிட்டு, எங்களை ஏற்றிச் சென்று இறக்கினார். பழக்கம் என்பது எத்தகைய செல்வம் என்று எண்ணியபடியே இறங்கினேன்.

சோளக்காட்டில் சந்தை கலைகிற நேரம். விற்றது போக எஞ்சிய பலாப்பழங்கள் வண்டியேறிக்கொண்டிருந்தன. கடைத் திண்ணை ஒன்றில் நம் கிளைத் தோழர்கள் பதினைந்து இருபது பேர் கூடியிருந்தனர். வழக்கம்போல் நாட்டு நடப்பைப் பேசினேன். வழக்கம்போல் கைதட்டினர். பிறகு முதியவர் ஒருவர் எழுந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“அய்யா, எங்க நாட்டுல பட்டக்காரர் பதவி அப்பனுக்குப் பின்னால மவனுக்கு வரும். அது வழக்கமுங்க, யாரும் கேக்கறதில்லை. ஓட்டுப் போட்டு வர்ற பதவியும் அப்படித்தானுங்களா? ஒரே ஆளுக்கு எத்தனை தடவைதான் கட்சியில சீட்டுக் கொடுப்பீங்க?”

தம் தொகுதியைச் சுட்டி அவர் கேட்கவில்லை. சமவெளியில் உள்ள வேறு சில தொகுதிகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டுக் கேட்டார். எனினும் கேள்வி கேள்விதான். அன்று அவருக்கு நான் சொன்ன மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. “மக்கள் விரும்பினால் எத்தனை முறையும் வரலாம், பெரியவரே” என்று மேடையில் சொல்லும் விடையைத் திண்ணையிலும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை.

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இரு முறைக்கு மேல், அல்லது மூன்று முறைக்கு மேல், தேர்தலில் நிற்கலாகாது என்று சட்டமே இயற்றிவிட வேண்டும் என்று சொல்வோர் இன்று பலர். நம் இளைஞர் அணித் தோழர்களிலும் இப்படிச் சொல்வோர் உண்டு. அவர்களுடைய சினத்தின் காரணத்தை நான் அறிவேன். சுவரொட்டி ஒட்டியவன் இருபது ஆண்டாக ஒட்டுகிறான். வாக்குச்சாவடியில் முகவராக அமர்ந்தவன் இருபது ஆண்டாக அமர்கிறான். விருப்ப மனுவுக்குப் பணம் கட்டி, நேர்காணலுக்கு வேட்டி வெளுத்துச் சென்று, பட்டியல் வெளிவந்ததும் அதே பழைய பெயரைக் காண்கிறான். அவன் கேட்பதில் நேர்மை இருக்கிறது.

ஆனால் அவன் கேட்கும் மருந்து அந்த நோய்க்கு உரியதுதானா? அதைத்தான் ஆராய வேண்டும்.

நம் அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 172ஆம் பிரிவு சட்டமன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு என்கிறது. 173ஆம் பிரிவு, உறுப்பினராக விரும்புவோர் 25 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும் என்கிறது. 191ஆம் பிரிவு தகுதியிழப்புகளைக் கூறுகிறது. எத்தனை முறை வரலாம் என்ற வரம்பு எங்கும் இல்லை. வாக்காளன் கையில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தரப்படும் சீட்டே போதிய வரம்பு என்பது அந்த ஏற்பாட்டின் பொருள்.

அச்சீட்டு வேலை செய்கிறதா என்று ஐயுறுவோர் கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் தொகுதியையே பார்க்கட்டும். 2006இல் அங்கு வென்றது தி.மு.க. 2011இல் தே.மு.தி.க. 2016இல் அ.தி.மு.க. 2021இல் மீண்டும் தி.மு.க. நான்கு தேர்தல்களில் ஒருவரும் அடுத்தடுத்து இரு முறை வரவில்லை! 2006இல் வென்ற மறைந்த கே. பொன்னுசாமி அவர்களே 2021இல் மீண்டும் உறுப்பினரானார். இடையில் பதினைந்து ஆண்டுகள். எந்தச் சட்டமும் சொல்லாமலே அம்மக்கள் ஆளை மாற்றினார்கள். வேண்டுமென்று தோன்றியபோது பழையவரை அழைத்தும் கொண்டார்கள்.

“அப்படியானால் நல்லதுதானே, மாற்றம் நடக்கிறதே!” என்பீர்கள். பொறுங்கள். மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஏற்காடு ஒன்று, சேந்தமங்கலம் மற்றொன்று. நீலகிரியின் இருளரும் ஜவ்வாது மலையின் மலையாளிகளும் தம்மவர் குரல் அவையில் ஒலிக்கக் கேட்க வேண்டுமானால், இந்த இரு நாற்காலிகளின் பக்கமே காதை வைக்க வேண்டும். கொல்லிமலையில் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு எனப் பெயராலேயே பழமை சொல்லும் 14 நாடுகள், 14 ஊராட்சிகளாக இருக்கின்றன. அங்கிருந்து சென்னைக் கோட்டைக்குச் செல்லும் ஒருவர் மானியக் கோரிக்கை என்றால் என்ன, வெட்டுத் தீர்மானம் என்றால் என்ன, எந்தத் துறையின் எந்த மேசையில் தம் மக்களின் கோப்பு உறங்குகிறது என்பதையெல்லாம் கற்க எத்தனை ஆண்டு பிடிக்கும்? சமவெளியின் பெருநிலக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இவை தகப்பன் சொல்லித் தெரியும். மலையிலிருந்து வருபவருக்கு யார் சொல்வார்?

ஒரு கோப்பின் கதையைச் சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்வோரின் நில உரிமையை ஒப்புக்கொள்ளும் வன உரிமைச் சட்டத்தை 2006இல் நாடாளுமன்றம் இயற்றியது. 2008 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் அந்த ஆண்டே ஒரு தடை. உரிமைச் சான்று வழங்குமுன் உயர்நீதிமன்றத்தின் ஆணையைப் பெற வேண்டும் என்ற இடைக்கால உத்தரவு வந்தது. அது 2016இல் உச்சநீதிமன்றத்தால் நீங்கும் வரை மலைமக்கள் காத்திருந்தார்கள். எண்ணிப் பாருங்கள்: 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் காலத்தில் தொடங்கிய சங்கதி, 2011இல் வந்தவர் காலம் முழுவதும் நின்று, அவருடைய இறுதி ஆண்டில்தான் அசைந்தது, வேலை மிச்சமெல்லாம் 2016இல் வந்தவருக்கு. உறுப்பினர்கள் மூவர், கட்சிகள் மூன்று. வனத்துறையோ மாறவில்லை. வருவாய்த் துறையும் மாறவில்லை. கோப்புக்குப் பதவிக்கால வரம்பு கிடையாது, தோழர்களே! உறுப்பினருக்கு மட்டும் வரம்பு வைத்தால், ஐந்தாண்டில் பாடம் கற்று, பத்தாண்டில் வாயைத் திறக்கத் துணிந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அலுவலரையும் ஒப்பந்தக்காரரையும் மலையில் நிலையாக இருத்தியவர்களாவோம்.

இஃது என் கற்பனை அச்சமன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1990இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே, கீழவை உறுப்பினருக்கு ஆறாண்டு, மேலவை உறுப்பினருக்கு எட்டாண்டு, அதற்குமேல் வாழ்நாள் முழுவதும் இடமில்லை என்று விதித்தது. இருபது ஆண்டு பட்டறிந்தபின், 2012இல் அதே மக்கள் அதைத் தளர்த்தி, ஒரே அவையிலும் பன்னிரண்டு ஆண்டு இருக்கலாம் என்றனர். மிச்சிகன் மாநிலமும் அவ்வழியே 1992இல் இறுக்கி 2022இல் தளர்த்தியது. புதியவர்கள் வேலை கற்கும் முன்னரே விடைபெற்றுச் செல்ல, சட்ட நுணுக்கம் அறிந்த அலுவலர்களும், நிறுவனங்களின் தரகர்களும் அவையில் ஓங்கினர் என்பதே அங்கு எழுந்த முறையீடு.

மெக்சிகோவின் கதை வேறு வகை. 1933 முதல் அங்கே உறுப்பினர் எவரும் அடுத்த தேர்தலில் தொடர்ந்து நிற்க இயலாதிருந்தது. 2014இல்தான் அத்தடை திருத்தப்பட்டது. 2025இல் மறுபடியும் தடை விதித்து, 2030 முதல் செயற்படும் என்றனர். அந்த எண்பது ஆண்டில் நடந்தது என்ன? மீண்டும் வாக்குக் கேட்க வேண்டியதில்லை என்றால் உறுப்பினர் ஏன் ஊரைத் திரும்பிப் பார்ப்பார்? அவருடைய அடுத்த பதவியைத் தருபவர் கட்சித் தலைவர். ஆகவே அவர் முகத்தையே பார்த்தார். ஆளுங்கட்சி ஒன்றே எழுபது ஆண்டு அந்நாட்டைக் கைக்குள் வைத்திருக்க அதுவும் ஒரு துணையாயிற்று.

பிலிப்பைன்சு நாட்டைச் சொன்னால் நம்மவர்க்கு இன்னும் எளிதில் விளங்கும். 1987ஆம் ஆண்டு அரசியல் சட்டம், கீழவை உறுப்பினர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் வரலாகாது என்றது. வந்தவர் மூன்று முறை இருந்தார். பிறகு மனைவி நின்றார். அவருக்குப் பின் மகன். ஒரு தவணை கழித்துத் தந்தையே திரும்பினார். குடும்ப ஆட்சியைத் தடுக்க வேண்டும் என்று அந்த அரசியல் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அதற்கான சட்டமோ முப்பத்தைந்து ஆண்டு கடந்தும் வரவில்லை. சோளக்காட்டு முதியவர் சொன்ன பட்டக்காரர் முறை, வாக்குப்பெட்டி வழியாகவே நுழைந்துவிட்டதன்றோ!

ஆகவே சட்டத்தின் மூலம் கதவை அடைப்பதை நான் ஏற்கவில்லை. நம் நாட்டு வரலாறும் அதையே சொல்கிறது. கலைஞர் கருணாநிதி 1957இல் குளித்தலையிலும் 1962இல் தஞ்சாவூரிலும் வென்றார். இரண்டும் எதிர்க்கட்சி வரிசைக்கே. இரு முறை போதும் என்று அன்று சட்டம் இருந்திருக்குமாயின், 1967இல் ஆட்சி மாறிய நாளில் அவர் அவைக்கு வெளியே நின்றிருப்பார். அவரோ மொத்தம் 13 முறை வென்றவர். அவருடைய அரசியலை ஏற்போரும் உண்டு, எதிர்ப்போரும் உண்டு. அவரை அவைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்தந்தத் தொகுதி மக்கள்தான் என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடு இருக்க நியாயமில்லை. மக்கள் வேண்டாம் என்று எண்ணினால் எவரையும் விட்டுவைப்பதில்லை. 1962இல் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். 1967இல் விருதுநகரில் காமராசர் தோற்றார்.

இவ்வளவும் சொன்னால், திண்ணையில் சொன்ன விடையைத்தானே நீட்டி எழுதியிருக்கிறாய் என்று அந்த முதியவர் கேட்பார். சரியான கேள்வி. ஏனெனில் அவர் கேட்டது சட்டத்தைப் பற்றி அன்று. “கட்சியில எத்தனை தடவை சீட்டுக் கொடுப்பீங்க” என்பதே அவர் சொல்.

இங்குதான் நாம் குனிந்து நம் காலடியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. “மக்கள் விரும்பினால் வரட்டும்” என்கிறோம். மக்கள் விரும்புவதற்கு முன்னால் ஒரு தேர்தல் நடந்துவிடுகிறது. அத்தேர்தலில் வாக்குச்சாவடி இல்லை, பெட்டி இல்லை, எண்ணிக்கை இல்லை. வேட்பாளர் பட்டியல் என்று அதற்குப் பெயர். வாக்காளனுக்குக் கட்சியும் சின்னமும் பிடித்திருக்கிறது, ஆளைப் பிடிக்கவில்லை. அவன் என்ன செய்வான்? சின்னத்துக்காக ஆளைப் பொறுத்துக்கொள்வான், அல்லது ஆளுக்காகச் சின்னத்தைத் தோற்கடிப்பான். இரண்டில் எது நடந்தாலும் வெயிலில் அலைந்த தொண்டனுக்குத் துயரமே. வாக்காளன் கை எட்டாத இந்த இடத்தில்தான் வரம்பு வேண்டும். அதை நாடாளுமன்றம் நமக்கு விதிக்க வேண்டியதில்லை. நம் பொதுக்குழு ஒரு பிற்பகலில் விதித்துக்கொள்ளலாம்.

வழி காட்ட வெளிநாடு செல்ல வேண்டா. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கேளுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியங்களுக்கு ஆள் அமர்த்திய முறை அதில் விரிவாக உள்ளது. குடவோலையைப் பற்றி நம் மேடைகளில் நூறு முறை பேசியிருக்கிறோம். ஆனால் பேசாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதலாகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் எழுதலாகாது. அவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகலாகாது!

அந்தச் சபையை நான் போற்றிப் பாட வரவில்லை. அது பிராமண ஊரின் சபை. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடையவர்க்கே அதில் இடம். ஏர் பிடித்தவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை இல்லை. கொல்லிமலைக்காரன் அந்தக் குடத்தின் அருகிலும் போயிருக்க முடியாது. அவன் மலையின் தலையெழுத்து வேறு விதமாக எழுதப்பட்டது. ஓரியைக் காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். மலையில் வாழ்ந்தவனை எவன் கேட்டான்? ஆயினும் அந்த உத்திரமேரூர்க்காரர்கள் தம்மவரைத் தாம் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆளை வாழ்நாள் முழுவதும் விலக்கவில்லை, ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு முடிந்தபின் அவர் திரும்பலாம். கணக்குக் கொடுக்காதவருக்குத்தான் கதவு இறுக அடைக்கப்பட்டது. வீட்டுக்காரரை அனுப்பி இடத்தைக் காத்துக்கொள்ளும் தந்திரம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

அண்மைக் காலத்திலும் முயன்றவர்கள் உண்டு. 1954 முதல் முதலமைச்சராக இருந்த காமராசர், 1963 அக்டோபரில் தாமே பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குச் சென்றார். அத்திட்டத்தின்படி ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினர். அதன் பின்னிருந்த கணக்குகளைப் பற்றி அன்றே பேச்சு எழுந்தது. அதனால் காங்கிரசு 1967இல் தப்பிவிடவும் இல்லை. ஆயினும் ஆட்சியில் இருந்தவர் கட்சிப் பணிக்குத் திரும்புவது இழுக்கன்று என்பதை ஒருவர் செய்து காட்டினார்.

கேரளத்தில் 2021இல் மார்க்சிஸ்ட் கட்சி, தொடர்ந்து இரு முறை வென்றவர்க்கு இடமில்லை என்று முடிவெடுத்தது. 33 உறுப்பினர்கள் ஒதுங்கினர். நிதியமைச்சர் தாமஸ் ஐசக் உள்ளிட்ட ஐந்து அமைச்சர்களும் அவர்களுள் அடக்கம். கட்சி கவிழ்ந்துவிடும் என்றனர். 140 இடங்களில் 99ஐ அந்த அணி வென்றது. அதில் இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல வரவு செலவுத் திட்டங்களைப் படைத்த கை ஓய்ந்தது இழப்புத்தான். 60,000 வாக்குகளுக்கு மேல் வேறுபாட்டில் வென்ற சைலஜா அவர்கள், புதுமுகங்களே வேண்டும் என்ற பெயரில் அமைச்சரவைக்கு வெளியே நிறுத்தப்பட்டபோது, அக்கட்சியின் நண்பர்களே முகம் சுளித்தனர். அளவுகோலை எங்கே வைப்பது என்பதில் அவர்கள் தடுமாறினார்கள் என்றே நான் எண்ணுகிறேன். அளவுகோலே வேண்டாம் என்பதற்கு அது சான்றாகாது.

நம் கட்சிக்கு என் யோசனை இதுதான். தொடர்ந்து இரு முறை சட்டமன்றம் சென்றவர், மூன்றாம் முறை விருப்ப மனு கொடுக்காமல் ஒரு தவணை ஓய்வு கொள்ளட்டும். அந்தத் தவணையில் அவர் மனைவியோ, மக்களோ, உடன்பிறந்தாரோ அதே தொகுதியில் நிற்கலாகாது. இல்லையேல் இந்த ஏற்பாடே கேலிக்கூத்து. இரண்டாம் முறை முடியுமுன், தொகுதி வளர்ச்சி நிதி எங்கே சென்றது, எந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று கிளைச் செயலாளர்கள் முன் கணக்கு வைக்கட்டும். அந்தக் கோப்புகளைப் புதியவர் கையில் ஒப்படைத்து, முதலாண்டு அவர் பக்கத்தில் இருந்து வழி காட்டட்டும். மலைத் தொகுதி போன்ற இடங்களில் இந்த ஒப்படைப்பு ஒன்றே பாதி நோயைத் தீர்க்கும். ஒருவர் இன்றியமையாதவர் என்று தோன்றினால் விதிவிலக்குத் தரலாம். தலைமையின் விருப்பத்தால் அன்று, அத்தொகுதிக் கிளைகளின் மறைவு வாக்கெடுப்பால்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பதவிக்காலத்தைப் பற்றி வாய் கிழியப் பேசும் நாம், ஊராட்சிகளில் நடப்பதைக் கண்டும் காணாமல் இருக்கிறோம். 2016 அக்டோபரில் ஊராட்சித் தலைவர்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நாமக்கல் மாவட்டத்தில் நடந்தது 2019 டிசம்பரில். மூன்றாண்டுக்கு மேல் கொல்லிமலையின் 14 நாடுகளையும் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2025 ஜனவரியில் காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஐந்தாண்டு என்று நாள் குறித்து இறக்கிவிடுகிறோம். தேர்ந்தெடுக்கப்படாதவருக்கு நாள் குறிப்பது யார்? இதற்கும் நம் ஒன்றியக் கூட்டங்களில் தீர்மானம் வர வேண்டும்.

இந்தக் கட்டுரையின் கருத்தை எழுதும் முன்னரே அந்த முதியவரிடம் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இரு முறை, ஓய்வு, கணக்கு, உறவினர்க்குத் தடை எல்லாவற்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்றார். பிறகு சிறிது நேரம் பேச்சில்லை. சந்தை இரைச்சல் மட்டும் கேட்டது.

“அய்யா, இந்தக் கணக்குக் கிளைச் செயலாளருக்கும் உண்டுங்களா?” என்றார்.

“ஏன் பெரியவரே?”

“நானே இருபத்தாறு வருசமா இருக்கேனுங்க. வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு பொண்ணு, நல்லா படிச்சது, நல்லா பேசுது. அதை வையின்னு யாரும் இதுவரைக்கும் எங்கிட்டச் சொன்னதில்லை. நானும் எறங்கறேன்னு சொன்னதில்லை.”